பூத்ததா, ஆயா?

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
12 ஜூலை 1953

ஹில்டா கண்ணுவுக்கு ஆயா இருதயம்மாள் எழுதிக்கொள்வது.

நீ கல்கத்தா போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. நானேதான் படித்தேன், யாரையும் கூப்பிடவில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் நின்றது, படிப்பு நிற்கவில்லை. அது என்ன, "நீங்கள் நலமா, நீங்கள் சாப்பிட்டீர்களா" என்று எழுதியிருக்கிறாய்? வீட்டில் "இன்னா ஆயா, துன்னியா?" என்று கேட்டவள்தானே நீ? கோர்ட்டு நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருந்தது. நீ என்றே எழுது.

மண்ணெண்ணெய் டின்னில் நீ வைத்துவிட்டுப் போன புல் உயிரோடு இருக்கிறது. கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் சில்க் கொண்டு வருவார்கள், கடிகாரம் கொண்டு வருவார்கள். உன் சித்தப்பன் தேவப்பிரியம் தென்னமெரிக்கா டெமராராவிலிருந்து புல் கொண்டு வந்தான். அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஊர்க் குடும்பத்துக் கிழவி ஒருத்தி, "நான்தான் திரும்பப் போகவில்லை, இதையாவது அந்த மண்ணில் வை" என்று வேரோடு பிடுங்கிக் கொடுத்தாளாம். அதற்காகத்தான் அதை ஆட்டுக்குப் போடாமல் வைத்திருந்தேன். நீ லீவுக்கு வந்து பார்த்துவிட்டு, இது மூங்கில் ஜாதி என்று குதித்தாய்.

கண்ணு, இந்தக் கடற்கரையில் கல்யாணப் பந்தலும் பாடையும் என் கடையைத் தாண்டிப் போவதில்லை. கட்டுமரத்துப் பாய்க் கழி, கொத்தனார் சாரம், எல்லாம் என் கை பட்ட மூங்கில். முழங்கால் உயரத்தில் வழவழவென்று நிற்பதை நீ மூங்கில் என்றால் நான் எங்கே போய்ச் சொல்ல? நம் கடையில் மூங்கில் பிளக்கிற பரசுராமன் கேட்கிறான்: "இன்னா ஆயா, இதுவா மூங்கிலு? இத்த வச்சு ஒரு பல்லு குத்த முடியுமா?"

தண்டையார்பேட்டையிலிருந்து அந்தத் துறைமுகக் கணக்கரின் அம்மா உன்னைப் பெண் கேட்டு மறுபடி வந்துபோனாள். தை மாதத்துக்குள் நம் பதில் வேண்டுமாம். யோசித்து எழுது.

இப்படிக்கு,
இருதயம்மாள்


கல்கத்தா,
26 ஜூலை 1953

அன்புள்ள ஆயா,

நீ என்றே எழுதுகிறேன். கோபப்படாதே.

பரசுராமன் அண்ணனிடம் சொல், பல் குத்துவதற்கும் ஜாதிக்கும் சம்பந்தமில்லை. நெல், கரும்பு, உன் கடை மூங்கில், ஆடு மேய்கிற அருகு, எல்லாம் ஒரே புல் குடும்பம்தான். அந்தக் குடும்பத்துக்குள் யார் யாருக்கு நெருங்கிய சொந்தம் என்பதுதான் எங்கள் சண்டை. தண்டு கட்டையாக இருந்தால் மூங்கில், மெத்தென்று இருந்தால் வெறும் புல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். என் மேலதிகாரி முகர்ஜி அந்தக் கட்சி. நான் கொண்டுவந்த இலையை மெல்லியதாகச் சீவி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மூங்கில் இலைக்குள் நரம்புக்கு இரண்டு பக்கமும் நூல் சுற்றிய தக்களிக் கதிர் போல வெற்று அறைகள் உண்டு. நெல்லில் பார்த்தேன், இல்லை. அருகம்புல்லில் இல்லை, கரும்பில் இல்லை. நம் டின்னில் நிற்பதில் இருக்கிறது, ஆயா! மூங்கிலைப் போலவே இலைக்கு ஒரு குட்டைக் காம்பும் இருக்கிறது.

முகர்ஜி ஒரு தடவை குனிந்து பார்த்தார். "வெயில் படாத காட்டில் வளர்கிற புல்லுக்கு இலை இப்படித்தான் இருக்கும்" என்றார். டீ குடிக்கப் போய்விட்டார். இந்த ஊரில் எனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இந்தத் தாவர ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் இடம் மார்ச்சோடு முடிகிறது. இதில் ஏதாவது நிலைநாட்டினால்தான் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இன்னும் கொஞ்சம் இலை வேண்டும். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனம் ஏற்றிக் காயவைத்து அனுப்பு. டின் நிழலிலேயே இருக்கட்டும். பூ எட்டிப் பார்க்கிறதா என்று தினமும் பார். பார்த்தால் அன்றே எனக்கு எழுது.

கணக்கர் விஷயம் இப்போது வேண்டாம்.

உன்,
ஹில்டா


சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
9 ஆகஸ்டு 1953

ஹில்டா கண்ணுவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தது என் தப்பு. மூங்கிலும் புல் குடும்பம் என்ற இடம் வந்ததும் பரசுராமன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். "அப்போ இத்தினி வருசமா நாம புல்லுக்கட்டா வித்துகினு கீறோம்?" கழி எடுக்க வந்த பந்தல்காரர் விடுவாரா? "ஒரு கட்டு புல்லு குடு ஆயா, மாட்டுக்கு ஆவும்" என்கிறார். ஒரு வாரமாக இதே பேச்சு. நீ அங்கே உட்கார்ந்து ஒரு வரி எழுதினால் இங்கே என் மானம் போகிறது.

ஆனால் அந்த வெற்று அறை விஷயத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் சித்தப்பன் முதல் கப்பல் முடிந்து தொப்பியும் பூட்சுமாக வாசலில் வந்து நின்றபோது தெருவில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. எவனோ சட்டைக்காரத் துரை என்று நானே கதவைப் பாதி சாத்தினேன். பிறகுதான் காதைப் பார்த்தேன். உன் தாத்தா காது. கதவைத் திறந்து கன்னத்தில் ஒன்று வைத்தேன். சட்டை மாறும், உடம்பு மாறும், காது எங்கே போகும்? உன் இலைக்குள் இருப்பது காது மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் சரி. மூங்கில்தான். நான் ஒன்றை ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் மீன்காரி பூவம்மா, "உம் பேத்தி இன்னா பட்ச்சிகினு கீது?" என்று கேட்டாள். இத்தனை நாள் புல் என்று சொல்ல வாய் வராமல் பெரிய படிப்பு என்றுதான் சொல்லி வந்தேன். இப்போது நிமிர்ந்து சொன்னேன்: "மூங்கில். டெமராரா மூங்கில்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டின்னை இனி மூங்கில் போலவே பார்த்துக்கொள்வேன். கடைக்குள், அடுக்கின் நிழலில் வைத்திருக்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் இலையெல்லாம் மடித்துக்கொண்டு தூங்குகிறது. இலை காயவைத்து அனுப்பியிருக்கிறேன். பார்சலில் இடம் இருந்ததால் நெத்திலிக் கருவாடும் வைத்தேன்.

இப்படிக்கு,
இருதயம்மாள்


கல்கத்தா,
30 ஆகஸ்டு 1953

அன்புள்ள ஆயா,

பார்சல் வந்து சேர்வதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிட்டது. இவர்கள் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். கருவாடு என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். காவலாளி அதை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு வந்தான். இலையெல்லாம் உப்பும் எண்ணெயும் ஏறி ஊறிப்போயிருக்கின்றன. அதில் ஒன்றையும் சீவிப் பார்க்க முடியாது. "இது எந்தக் குடும்பத்துத் தாவரம்?" என்று முகர்ஜி எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அறைக்கு வந்து அழுதேன். கருவாட்டை மட்டும் விடவில்லை, வறுத்துச் சாப்பிட்டேன்.

நீ ஒப்புக்கொண்டது எனக்கு எவ்வளவு பலம் தெரியுமா? இங்கே ஒருவர்கூட இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய மூங்கில் முதலில் தோன்றி அது சிறுத்து இதுவானதா, இது முதலில் தோன்றி அது பெருத்ததா என்று நான் ஆரம்பித்தாலே, முதலில் இது மூங்கில் என்று காட்டு என்கிறார்கள்.

பூத்ததா, ஆயா? ஒவ்வொரு தபாலுக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. தூக்கமே இல்லை.

உன்,
ஹில்டா


சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
18 அக்டோபர் 1953

ஹில்டா கண்ணுவுக்கு,

பூத்ததா, பூத்ததா என்று கேட்டு இதற்கிடையில் இன்னும் இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். எதற்கு இப்படிப் பதறுகிறாய்? ஒரு பூ கூட இல்லை. நான் இருக்கிறவரை அதற்கு ஒன்றும் ஆகாது. நிம்மதியாகத் தூங்கு.

செடி புதர் கட்டி, டின் தெரியாமல் தழைத்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. கால்வாயில் தண்ணீர் ஏறி, மூங்கில் படகு வரத் தாமதம். அடுப்பிலும் ஈரம், விறகிலும் ஈரம், பரசுராமன் வாயில் மட்டும் ஈரமே கிடையாது. "நெத்திலிய துன்னுட்டு எலைய திருப்பி அனுப்பிச்சா உம் பேத்தி?" என்று கேட்கிறான். உன் முகர்ஜி வீட்டில் கருவாடு தெரியாதாமா? பாவம், என்ன வளர்ப்போ.

கணக்கர் வீட்டில் மறுபடி கேட்டார்கள். மழை விடட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
இருதயம்மாள்


கல்கத்தா,
20 டிசம்பர் 1953

அன்புள்ள ஆயா,

லண்டனிலிருந்து புற்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு பேராசிரியர் ஜனவரியில் இங்கே வருகிறார். மாதக் கடைசி வரை இருப்பார். அவர் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் முகர்ஜி தலையாட்டுவார். அவருக்கு நான் எதைக் காட்டுவேன்? இலையை மட்டும் காட்டினால் போதாது. ஆண் பூ, பெண் பூ எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் ஒரு செடியின் சொந்தத்தை முடிவுகட்டுவார்கள். எனக்குப் பூ வேண்டும் ஆயா, பூ. ஜூலையிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்? அந்த ஊரில் இந்த மாதிரிச் செடியெல்லாம் மழைக்காலத்தில் பூத்துத் தள்ளும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நம்முடையது மட்டும் ஏன் பூக்கவில்லை? நன்றாகப் பார்த்தாயா?

பூ இல்லையென்றால் மார்ச்சில் நான் இராயபுரத்தில் இருப்பேன்.

ஹில்டா


சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
28 டிசம்பர் 1953

ஹில்டாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உனக்குப் பூ வேண்டுமா? வேண்டும் என்றா கேட்டுக்கொண்டிருந்தாய்?

அது பூக்காமல் இல்லை. அக்டோபரிலிருந்து நுனியில் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பார்க்கப் பார்க்க நான்தான் கிள்ளி எறிந்தேன்.

மூங்கில் பூத்தால் புதரோடு பட்டுப்போகும். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் வடக்கே மூங்கில் காடு பூத்தது. கால்வாய்ப் படகில் மூங்கிலுக்குப் பதில் மூங்கிலரிசி மூட்டை வந்தது. கூடவே எலி. பிறகு படகே இல்லை. உன் தாத்தா வெறும் தரையில் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து படகுக்காரனிடம் எங்கள் முதல் கேள்வி "பூத்துதா?" என்பதுதான். அவன் இல்லை என்று தலையாட்டினால்தான் அடுப்பு பற்றவைப்போம். எங்கள் தொழிலில் அந்தக் கேள்வியை ஆசையோடு கேட்டவர் யாரும் கிடையாது. நீயும் பயந்துதான் கேட்கிறாய் என்று நினைத்தேன். மனசு அடித்துக்கொள்கிறது, தூக்கமில்லை என்று எழுதினாயே. குழந்தை பயப்படுகிறதே, செடி செத்தால் படிப்பு போய்விடுமே என்று, காலையில் செபம் முடிந்ததும் முதல் வேலையாகக் கிள்ளினேன்.

இப்போது நுனியில் ஒன்றும் இல்லை.

இருதயம்மாள்


கல்கத்தா,
5 ஜனவரி 1954

ஆயா,

இந்த வகை செத்துப்போகாது. வருஷா வருஷம் பூக்கும், பூத்துவிட்டு அப்படியே நிற்கும். உன் கடை மூங்கிலுக்கு இது சொந்தமே தவிர அதன் குணமெல்லாம் இதற்கு இல்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் பூ, பூ என்று எழுதியிருக்கிறேன். கிள்ளுவதற்கு முன் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வரி? கருவாடு வைக்க மட்டும் பார்சலில் இடம் பார்க்கத் தெரிந்ததே.

சொல்லக் கூடாதுதான், சொல்கிறேன். தை மாதத்துக்குள் பதில் வேண்டும் என்றவள் நீ. நான் தோற்று வந்தால் யாருக்குச் சௌகரியம்? கிள்ளும்போது அது உனக்குத் தெரியாமலா இருந்தது?

பேராசிரியர் அடுத்த வாரம் வருகிறார். அவருக்குக் காட்ட என்னிடம் உப்பு ஏறிய இலை இருக்கிறது.

ஹில்டா


சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
12 ஜனவரி 1954

ஹில்டாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடையில் படிக்கவில்லை. உள்ளே போய்ப் படித்தேன்.

எனக்குச் சௌகரியம் வேண்டுமென்றால் உன்னை ரயில் ஏற்றியே இருக்க மாட்டேன். பெண்ணைத் தனியாகக் கல்கத்தாவுக்கு அனுப்பினாளே என்று கோயில் பங்கு முழுக்கப் பேசினபோது, ஒவ்வொருத்தி வாயையும் அடைத்தவள் நான். இப்போது நீயே கேட்கிறாய்.

புல் என்றேன். இல்லை, மூங்கில் என்றாய். நம்பமாட்டேன் என்றேன். இலைக்குள் கதவைத் திறந்து காட்டினாய், நம்பினேன். நம்பினதால்தான் கிள்ளினேன். புல் என்றே நினைத்திருந்தால் பூத்தாலென்ன, காய்த்தாலென்ன என்று ஆட்டுக்கு விட்டிருப்பேன். உன் முகர்ஜி மாதிரி நம்பாமல் இருந்திருந்தால் இன்று உன் கையில் பூ இருந்திருக்கும். சொந்தம் மட்டும்தான், குணம் வேறு என்பதை ஜூலையில் எழுதியிருக்க வேண்டும். வெற்று அறை பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு "இது பூத்தால் சாகாது, ஆயா" என்று எழுத மை இல்லையா? மூங்கில்காரியிடம் மூங்கில் என்று சொல்லிவிட்டு, பூவை வைத்திருப்பாள் என்று எதிர்பார்த்தாயா?

செடி நன்றாக இருக்கிறது. நான் தொடவில்லை.

இருதயம்மாள்


சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
23 ஜனவரி 1954

ஹில்டாவுக்கு,

இந்தக் கடிதம் உன் சித்தப்பன் சட்டைப்பையில் வருகிறது. அவன் மடியில் டின் வருகிறது. கப்பலிலிருந்து இறங்கி வீட்டில் கால் நீட்டக்கூட விடாமல் கல்கத்தா மெயில் ரயிலில் ஏற்றிவிட்டேன். "ஆத்தா, டெமராராலருந்து தூக்கியாந்தேன், இப்ப கல்கத்தாவுக்கும் நானே தூக்கணுமா?" என்கிறான். வேறு யார் தூக்குவார்கள்?

நீ பதில் எழுதவில்லை. நானும் எழுதுவதாக இல்லை. முந்தாநாள் பரசுராமன் டின்னைச் சுற்றிப் பெருக்கும்போது, "ஆயா, எவன் பல்லோ விழுந்து கீது" என்று கத்தினான். போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, ஒரு பக்கம் கூன் விழுந்து, பால் பல் மாதிரியே மண்ணில் கிடந்தது. பல் இல்லை, விதை. பூக்காத செடியில் விதை எப்படி என்று புதரை விலக்கினேன். இலை தண்டோடு சேரும் இடத்தில், அக்குளில் ஒளித்துவைத்த மாதிரி, இன்னும் இருக்கிறது. காய்த்ததும் இருக்கிறது, இப்போதுதான் விரிகிறதும் இருக்கிறது. நுனியில் எட்டிப் பார்த்ததை மட்டும்தான் நான் கிள்ளியிருக்கிறேன். மழைக்காலம் முழுக்க என் மூக்குக்குக் கீழேயே பூத்துக் காய்த்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. புது நுனியும் ஒன்று வந்திருக்கிறது. அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

பறித்துக் காயவைத்து அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. முழுசாக அனுப்புகிறேன். நிழலில் வை, வழியெல்லாம் தண்ணீர் தெளி என்று சொல்லியிருக்கிறேன். அந்த லண்டன் துரை போவதற்குள் காட்டு. கருவாடு வைக்கவில்லை.

இருதயம்மாள்


கல்கத்தா,
4 பிப்ரவரி 1954

அன்புள்ள ஆயா,

மெயில் தாமதம். சித்தப்பா ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பேராசிரியர் ஊருக்குக் கிளம்ப ஓட்டலுக்குப் போய்விட்டார். முகர்ஜி "விடு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நானும் சித்தப்பாவும் டின்னோடு ஓடினோம். ஓட்டல் படிக்கட்டில், ஒரு காலை டாக்சிக்குள் வைத்துவிட்டவரை நிறுத்தினேன். எரிச்சலாகத்தான் குனிந்தார். பிறகு பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நுனியில் ஆண், அக்குளில் பெண். நீ சொன்ன கூன் விதையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கையால் தொட்ட புல்லில் இவ்வளவு பிடிவாதமானதைப் பார்த்ததில்லை என்றார். எழுது, அச்சிடு என்றார்.

எனக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கட்டுரையில் நான் "மூங்கில் இனம்" என்று எழுதிய இடத்திலெல்லாம் முகர்ஜி "மூங்கில் இனமாக இருக்கலாம்" என்று திருத்திவிட்டார். ஒரு இடம்கூட விடவில்லை. படித்துப் பார்த்தால் நான் இருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஜனவரியில் எழுதியதில் ஒரு பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாது. எது என்று உனக்குத் தெரியும்.

டின்னை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கடை வெறிச்சென்று இருக்கிறதா?

உன்,
ஹில்டா


சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
15 ஆகஸ்டு 1954

ஹில்டா கண்ணுவுக்கு,

கடை ஏன் வெறிச்சென்று இருக்கிறது? விழுந்த விதையில் ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. வேறொரு பழைய டின்னில் போட்டு, அதே நிழலில் வைத்தேன். முளைத்தது. டெமராராக் கிழவிக்கு உன் சித்தப்பன் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே.

கணக்கர் வேறு இடத்தில் பார்த்து முடித்துவிட்டார். பெண் நன்றாகச் சமைப்பாளாம். சந்தோஷம்.

"இருக்கலாம்" என்று திருத்தினவனை நீ விடாதே. என் கடைக்கு வரச் சொல். நான் ஒரு தடவைதான் ஒப்புக்கொண்டேன், இன்னும் மாற்றவில்லை. பந்தல்காரரிடமும் அப்படியே சொல்கிறேன்.

போன வாரம் அது பூத்தது. நுனியில், சின்னதாக. கை தானாகப் போனது, பின்னால் கட்டிக்கொண்டேன். சாகாது என்று நீ எழுதியிருக்கிறாய், அந்தத் துரையும் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பரசுராமன் காலையில் வந்ததும் வராததுமாக, "செத்துப் பூட்ச்சா ஆயா?" என்று டின்னைத்தான் முதலில் பார்க்கிறான். நான் அவனுக்கு முன்னாலேயே எழுந்து பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆயா